கடைசி ஆறு சிகரங்களும் ஒரே சுற்றில்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், நாஷுவா நகரில் வசிக்கிறேன். இங்குள்ள ஒயிட் மவுண்டன்ஸ் மலைகளில் நாலாயிரம் அடிச் சிகரங்கள் என்று சொல்லப்படும் 48 சிகரங்களில் 42 ஏறி முடித்துவிட்டேன். அவுல்ஸ் ஹெட், கேல்ஹெட், சீலண்ட், வெஸ்ட் பாண்ட், பாண்ட், பாண்ட்கிளிஃப் ஆகிய ஆறும் பாக்கி. எல்லாமே பெமிகிவாசெட் வனத்துக்குள்ளோ அதன் விளிம்பிலோ இருப்பதால், செப்டம்பர் நடுவில் மூன்று நாள் விடுப்பு எடுத்து, கூடாரத்தைச் சுமந்துகொண்டு ஒரே சுற்றில் முடிக்க நினைக்கிறேன். லிங்கன் வுட்ஸில் காரை நிறுத்திவிட்டு, முதல் நாள் மூன்று பாண்ட் சிகரங்கள், இரண்டாம் நாள் சீலண்டும் கேல்ஹெட்டும், மூன்றாம் நாள் அவுல்ஸ் ஹெட் ஏறி அங்கேயே பட்டியலை நிறைவு செய்வது என் திட்டம். உடன் வரும் நண்பருக்கு நார்த் ட்வின் சிகரமும் வேண்டும். இந்த வரிசை சரிதானா?
– வாசகர், நாஷுவா

பதில்: சிகரங்களின் தேர்வும் சரி, மூன்று நாள் கணக்கும் சரி, சுற்றும் திசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். அவுல்ஸ் ஹெட் முதலில் வரட்டும், பாண்ட்கிளிஃப் கடைசியில் வரட்டும்.

காரணம் ஓடைகள்தான். அவுல்ஸ் ஹெட்டுக்குப் போகும் லிங்கன் புரூக் தடத்தில், தொடக்கத்திலிருந்து ஒரு மைலுக்குள் ஃபிராங்கோனியா ஓடையையும் லிங்கன் ஓடையையும் பாலமில்லாமல் கடக்க வேண்டும். வறண்ட வாரத்தில் கல்லுக்குக் கல் தாவிப் போய்விடலாம். நல்ல மழை பெய்தால் அதே இடம் இடுப்பளவு வெள்ளமாகிவிடும். உங்கள் திட்டப்படி போனால், இரண்டு நாள் மழையில் நனைந்து, உணவும் தீர்ந்து, திங்கட்கிழமை அலுவலகம் என்ற நினைப்போடு அந்த ஓடைகளின் மறுகரையில் வந்து நிற்பீர்கள். கார் இருப்பது இக்கரையில். அந்த நிலையில், அதிகமாகிப்போன தண்ணீரையும் கடந்துவிடலாம் என்றுதான் மனம் சொல்லும். மாறாக முதல் நாளே அங்கு போனால், தண்ணீர் அதிகமாக இருந்தாலும் இழப்பு பெரிதில்லை. லிங்கன் புரூக் தடத்தில் இறங்காமல், ஃபிராங்கோனியா புரூக் தடத்திலேயே ஓடையின் கிழக்குக் கரையாக நடந்து தர்ட்டீன் ஃபால்ஸ் முகாமுக்குப் போய், மற்ற ஐந்து சிகரங்களையும் வழக்கம்போல் முடிக்கலாம். நம்மைத் தடுக்கக்கூடியது எதுவோ அதைத் திரும்பிவருவது எளிதாக இருக்கும் இடத்தில், அதாவது பயணத்தின் தொடக்கத்தில், வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்த வகைச் சுற்றுகளைத் திட்டமிடும்போது நான் முதலில் பார்ப்பது. எந்தச் சிகரத்தில் பட்டியல் நிறைவடைய வேண்டும் என்ற ஆசை அதற்குப் பிறகுதான்.

இனி வழியைப் பார்ப்போம். தடப் பலகைகளில் மைல் கணக்கே இருப்பதால் நானும் மைலிலேயே சொல்கிறேன். மொத்தம் ஏறக்குறைய 36 மைல், அதாவது 58 கிலோமீட்டர்.

முதல் நாள்தான் நீளமானது, பதின்மூன்றரை மைல். ஆனால் லிங்கன் வுட்ஸிலிருந்து ஃபிராங்கோனியா ஓடைப் பாலம் வரையுள்ள 2.9 மைலும் மேசைபோலச் சமமான பாதை. 1893 முதல் 1948 வரை இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வெட்டுமரங்களை இறக்கிய ரயில் பாதையின் மீதுதான் நீங்கள் நடக்கிறீர்கள். பழைய தண்டவாளக் கட்டைகள் இன்னும் சில இடங்களில் மண்ணில் பதிந்து கிடக்கின்றன. ஈரமாக இருந்தால் வழுக்கும். பாலத்தைத் தாண்டியதும் ஃபிராங்கோனியா புரூக் தடத்தில் 1.7 மைல், பிறகு இடப்பக்கம் பிரியும் லிங்கன் புரூக் தடத்தில் 3.4 மைல். அங்கே, பராமரிக்கப்படாத ஒற்றையடிப் பாதை ஒன்று சிறு கற்குவியலை அடையாளமாகக் கொண்டு வலப்பக்கம் மேலே ஏறுகிறது. அந்தக் கற்குவியல் சில சமயம் கலைந்து கிடக்கும் என்பதால், இடத்தை வரைபடத்திலும் கைபேசியின் ஜிபிஎஸ்ஸிலும் முன்பே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கூட்டரசின் 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1984இல் காப்பு வனமாக அறிவிக்கப்பட்ட பகுதி இது. இயற்கையை அதன் போக்கில் விட வேண்டும் என்பதால் பலகைகளும் வண்ணக்குறிகளும் மிகக் குறைவு.

அவுல்ஸ் ஹெட் ஏற்றம் ஒரு மைல்தான். அந்த ஒரு மைலுக்குள் சுமார் 1,450 அடி ஏறுகிறோம். கீழ்ப்பகுதி பழைய நிலச்சரிவின் தழும்பு; பொடிக்கல்லும் தட்டைப் பாறையுமாக இருக்கும். பாறை தெரியும் இடத்தில் காலை வையுங்கள், சரளை தெரியும் இடத்தைத் தவிருங்கள். நீங்கள் இருவரும் ஒருவருக்கு நேர் கீழே மற்றவர் நிற்காமல் சற்றே விலகி ஏறுங்கள்; மேலே உள்ளவர் காலில் இடறும் கல் கீழே உள்ளவரைத் தேடி வரும். பாதி ஏறியதும் திரும்பிப் பார்த்தால் ஃபிராங்கோனியா மலைமுகடு முழுவதும் எதிரே நீண்டிருக்கும். அந்தக் காட்சியை அங்கேயே நின்று பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் உச்சியில் மரங்களைத் தவிர வேறொன்றும் தெரியாது. பழைய கற்குவியல் இருந்த இடத்தை உச்சி என்று எண்ணித் திரும்பியவர்கள் பலர் உண்டு. உண்மையான உச்சி முகட்டின் மீது இன்னும் வடக்கே தள்ளியிருக்கிறது. தரை மீண்டும் தாழத் தொடங்கும்வரை நடந்துவிடுங்கள்.

பெரிய பையைக் கீழே வைத்துவிட்டு ஏறுவது நல்லதுதான், ஆனால் உணவைப் பைக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள். கரடி திறக்க முடியாத குடுவையில் இட்டுத் தடத்திலிருந்து தள்ளி வைக்கவும். இறங்கிய பிறகு அதே லிங்கன் புரூக் தடத்தில் வடக்கு நோக்கி 3.5 மைல் சென்றால் தர்ட்டீன் ஃபால்ஸ் முகாம் வரும். பெரும்பாலானோர் அவுல்ஸ் ஹெட்டை 18 மைல் போய்வரும் பயணமாகவே ஏறுவதால், இந்த வடபாதியில் நடமாட்டம் குறைவு; சேறும் விழுந்த மரங்களுமாக வேகம் பாதியாகும். செப்டம்பர் நடுவில் மாலை ஏழு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். எனவே விடியற்காலை வெளிச்சத்திலேயே லிங்கன் வுட்ஸைவிட்டுக் கிளம்பியாக வேண்டும்; பிற்பகல் இரண்டரை மணிக்குள் அவுல்ஸ் ஹெட்டிலிருந்து கீழே இறங்கியிருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் பத்து மைல். ட்வின் புரூக் தடத்தில் 2.7 மைல் சீரான ஏற்றம், பிறகு கேல்ஹெட் உச்சிக்குப் போய்வர 0.8 மைல். அருகிலுள்ள கேல்ஹெட் விடுதியில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். விடுதியிலிருந்து சவுத் ட்வின் சிகரம் வரை 0.8 மைலில் 1,100 அடிக்கு மேல் ஏற்றம். வளைவே இல்லாமல் கல்லின் மீது கல்லாக நேரே மேலேறும் இந்தத் துண்டுதான் மூன்று நாளிலும் தொடைக்கு மிகக் கடினமான இடம். பேசாமல், நிற்காமல், மெதுவாக ஏறுங்கள்.

சவுத் ட்வின் உச்சியில்தான் உங்கள் நண்பரின் நார்த் ட்வின்னைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். போய்வர 2.6 மைல். அதற்குப் பின் சீலண்டுக்கும் போய்வர 2.6 மைல் இருக்கிறது. நண்பகலுக்கு முன் சவுத் ட்வினில் இருந்தால் இரண்டையும் செய்யலாம். அதற்குப் பிந்திவிட்டால் நார்த் ட்வின்னை விட்டுவிடும்படி நண்பரிடம் வீட்டிலிருந்து கிளம்பும்போதே பேசி ஒப்புக்கொள்ள வைத்துவிடுங்கள். வடக்கிலிருந்து ஒரே நாளில் ஏறி இறங்கக்கூடிய சிகரம் அது. சீலண்டும் பாண்ட் சிகரங்களும் அவ்வளவு பக்கத்தில் இல்லை. இருவரும் பிரிந்து ஆளுக்கொரு சிகரத்துக்குப் போய்ப் பிறகு சந்திக்கலாம் என்ற யோசனை எழும், அதற்கு இடம் கொடுக்க வேண்டாம். வரைபடமும் அடுப்பும் ஒருவர் பையிலும் கூடாரம் மற்றவர் பையிலுமாக இருக்கும்போது பிரிவது இருவரையுமே பாதுகாப்பற்றவர்களாக்கும்.

சவுத் ட்வினிலிருந்து இரண்டு மைல் நடந்து, கீயோ சிகரத்தின் மொட்டைத் தலையை நெருங்கி, தடங்கள் பிரியும் இடத்தில் பைகளை வைத்துவிட்டுச் சீலண்டுக்குப் போய் வாருங்கள். அங்கும் மரங்களுக்கு நடுவே ஒரு பலகைதான். திரும்பிவந்து தெற்கே சென்று, பக்கத்தடத்தில் இறங்கினால் கீயோ முகாம்.

மூன்றாம் நாளுக்குத்தான் இந்தத் திசை முழுப் பயனையும் தருகிறது. காலை ஏழு மணிக்குக் கிளம்பி வெஸ்ட் பாண்டுக்கு அரை மைல் பக்கத்தடத்தில் வெறுங்கையோடு போய் வாருங்கள். சாலை, கட்டடம் எதுவும் கண்ணில் படாத இடம். அடுத்து பாண்ட், அங்கிருந்து 1.2 மைல் பெரும்பாலும் மரமற்ற திறந்த முகட்டில் நடந்து பாண்ட்கிளிஃப். செங்குத்தான பாறை விளிம்பின் மீது, முந்தின இரண்டு நாளும் நீங்கள் சுற்றிவந்த வனம் முழுவதையும் மேற்கே பார்த்தபடி பட்டியலை நிறைவு செய்யலாம். அவுல்ஸ் ஹெட்டின் மரக்கூட்டத்துக்குள் முடிப்பதைவிட இது உங்களுக்கு நிச்சயம் நிறைவாக இருக்கும்.

உச்சியைவிட்டுத் தெற்கே இறங்கிய சில நிமிடங்களிலேயே ஒரு சிறிய பாறைப் படி குறுக்கிடும். ஆளுயரத்தைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனால் கனத்த பையோடு முன்பக்கம் பார்த்து இறங்கினால் பை பாறையில் இடித்து ஆளைத் தள்ளிவிடும். கைத்தடிகளைக் கீழே போட்டுவிட்டு, பாறையைப் பார்த்துத் திரும்பி, காலால் பிடிமானம் தேடி இறங்குங்கள். அதன்பின் 4.4 மைல் இறக்கம், அதற்குப் பிறகு பழைய ரயில் பாதையில் 4.7 மைல்.

இந்த வரிசையிலும் ஒரு குறை உண்டு. திறந்த முகடு கடைசி நாளில் வருவதால், அன்று இடி மின்னல் என்றால் பாண்ட்கிளிஃப் உங்களுக்கு மூடிய கதவு. மவுண்ட் வாஷிங்டன் வானிலை ஆய்வகம் உயர் சிகரங்களுக்கென்றே தனி முன்னறிவிப்பு வெளியிடுகிறது. ஊர் வானிலையைப் பார்க்காமல் அதைப் பாருங்கள். மூன்றாம் நாள் புயல் என்று முன்பே தெரிந்தால் பயணத்தை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். முகாமில் இருக்கும்போது வானிலை மாறினால் கூடாரத்திலேயே காத்திருக்கலாம், அல்லது வடக்கே திரும்பிச் சீலண்ட் விடுதி வழியாகச் சாலைக்கு இறங்கலாம். காரோ மலைக்கு மறுபக்கம் இருக்கும், அங்கே போய்ச் சேர வாடகை வண்டிக்குச் செலவாகும். செலவாகட்டும். பாண்ட்கிளிஃப் மட்டும் பாக்கி நின்றால் அதை லிங்கன் வுட்ஸிலிருந்து ஒரே நாளில் 18 மைல் போய்வந்து முடிக்கலாம். அவுல்ஸ் ஹெட்டைப் போல வெள்ளம் வடியக் காத்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: 48 சிகரங்கள் என்று எப்படி முடிவு செய்தார்கள்? யார் முடிவு செய்தார்கள்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அப்பலாச்சியன் மவுண்டன் கிளப் 1957இல் இதற்கென ஒரு குழு அமைத்தது. ஒரு சிகரம் நாலாயிரம் அடி உயரம் இருந்தால் மட்டும் போதாது. அதற்கும் பக்கத்து உயர்சிகரத்துக்கும் இடைப்பட்ட தாழ்விலிருந்து அது 200 அடியாவது எழுந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் முகட்டில் உள்ள ஒவ்வொரு மேடும் சிகரமாகிவிடும். தொடக்கத்தில் 46 சிகரங்கள் இருந்தன. அளவைகள் துல்லியமானபோது 1975இல் கேல்ஹெட்டும் 1980இல் பாண்ட்கிளிஃப்பும் சேர்ந்தன. சாலையிலிருந்து உச்சிவரை நடந்தே ஏறி நடந்தே இறங்க வேண்டும் என்பது விதி. எத்தனை ஆண்டு ஆனாலும் பரவாயில்லை. முடித்தவர்கள் விண்ணப்பித்தால் சான்றும் துணிச்சின்னமும் தருகிறார்கள்.

இப்போது விமானத்திலிருந்து லேசர் கதிர்களைக்கொண்டு அளக்கும் முறை வந்த பிறகு பழைய உயரங்கள் மறுபடியும் கேள்விக்கு உள்ளாகின்றன. டெக்கம்சே என்ற சிகரம் 3,995 அடி என்று தெரிய வந்தது அப்படித்தான். ஆகவே நாஷுவா வாசகருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு: கிளம்பும் முன் கிளப்பின் நடப்புப் பட்டியலை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் 48இல் இல்லாத கீயோ மறு அளவையில் சேர்ந்தாலும் சேரலாம் என்பதால், அதைக் கடக்கும்போது, தடத்தை ஒட்டியே இருக்கும் அதன் உச்சியிலும் கால் பதித்துவிடுங்கள். அங்குள்ள குட்டைச் செடிகள் மிதிபட்டால் மீண்டு வளரப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால் பாறையை விட்டு இறங்காமல் நடக்க வேண்டும்.

கேள்வி: ஓடையைக் கடக்கலாமா கூடாதா என்று கரையில் நின்று எப்படித் தீர்மானிப்பது?
– வாசகர், நியூ ஜெர்சி

பதில்: தண்ணீர் முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடினால் கடக்க வேண்டாம். அடியிலுள்ள கல் தெரியாத அளவு கலங்கியிருந்தாலும் வேண்டாம். ஒயிட் மவுண்டன்ஸில் பாறைமீது மண் படலம் மெல்லியது. பெய்த மழை ஊறி நிற்க இடமில்லாமல் சில மணி நேரத்தில் ஓடைக்கு வந்து சேர்கிறது. அதே காரணத்தால் மழை நின்றால் வேகமாகவே வடிந்தும் விடுகிறது. மாலையில் கடக்க முடியாத இடம் மறுநாள் காலை எளிதாகலாம். ஆகவே ஒரு வேளை உணவைக் கூடுதலாக எடுத்துச் செல்வது மிக நல்ல பாதுகாப்பு.

கடப்பது என்று முடிவு செய்தால், பையின் இடுப்பு வாரையும் மார்பு வாரையும் முதலில் கழற்றிவிடுங்கள்; விழுந்தால் பையை உதறிவிட்டு எழ முடிய வேண்டும். செருப்பில்லாமல் இறங்கக் கூடாது. நீரோட்டம் வரும் திசையைப் பார்த்து நின்று, கைத்தடிகளை ஊன்றி, பக்கவாட்டில் ஓரடி ஓரடியாக நகருங்கள். குறுகலான இடம் கடக்க எளிதாகத் தோன்றும், ஆனால் அங்கேதான் ஆழமும் வேகமும் அதிகம். அகன்ற இடத்தைத் தேடிச் செல்லுங்கள்.

கேள்வி: முகாம், தண்ணீர், உணவு ஆகியவற்றுக்கு என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?
– வாசகர், நாஷுவா

பதில்: இரண்டு முகாம்களுக்கும் முன்பதிவைவிட முன்கூட்டியே போய்ச் சேர்வதுதான் உதவும். வாரக் கடைசியில் கீயோ முகாம் பிற்பகலுக்குள் நிரம்பிவிடும் என்பதால், முடிந்தால் வெள்ளி, சனி, ஞாயிறு என்று வைக்காமல் செவ்வாய் முதல் வியாழன்வரை போங்கள். முகாம் கட்டணத்துக்கும் லிங்கன் வுட்ஸ் வாகன நிறுத்தத்துக்கும் ரொக்கம் வைத்திருங்கள். மரங்கள் எட்டடி உயரம்கூட வளராத மேற்பகுதிகளில் கூடாரம் போடத் தடை உண்டு.

தண்ணீருக்குக் கவனிக்க வேண்டிய துண்டுகள் இரண்டு. கேல்ஹெட் விடுதியிலிருந்து கீயோ முகாமின் ஊற்றுவரை வழியில் தண்ணீர் இல்லை. அந்த ஊற்றிலிருந்து பாண்ட்கிளிஃப்பைத் தாண்டி வெகுதூரம் இறங்கும்வரையும் இல்லை. இரண்டு இடத்திலும் ஆளுக்கு மூன்று லிட்டர் கட்டாயம். எங்கே எடுத்தாலும் வடிகட்டியோ கொதிக்கவைத்தோ குடியுங்கள்.

சைவ உணவுக்குக் குறை இல்லை. வறுத்த ரவையில் தாளிப்பையும் உப்பையும் முன்பே சேர்த்து எடுத்துப்போனால், கொதிநீர் ஊற்றிச் சில நிமிடத்தில் உப்புமா. புளிக்காய்ச்சலும் அவலும் கனமில்லாதவை. வறுத்த வேர்க்கடலையும் பேரீச்சையும் நடந்துகொண்டே சாப்பிடலாம். ஊறுகாய் வாசம் உட்பட எல்லாமே கரடிக்கு அழைப்புதான் என்பதால் இரவில் பற்பசைவரை எல்லாவற்றையும் குடுவையிலோ முகாமின் இரும்புப் பெட்டியிலோ பூட்டுங்கள்.

நியூ ஹாம்ப்ஷயரின் மீன் மற்றும் வேட்டைத் துறை விற்கும் ஹைக்சேஃப் அட்டையையும் வாங்கிக்கொள்ளுங்கள். தனிநபருக்கு 25 டாலர், குடும்பத்துக்கு 35 டாலர். அந்தப் பணம் மீட்புப் பணிக்குப் போகிறது. கவனக்குறைவால் மீட்பு தேவைப்பட்டாலும் அட்டை வைத்திருப்பவரிடம் செலவை வசூலிப்பதில்லை. ஆபத்து என்று தெரிந்தும் பொறுப்பில்லாமல் நடந்துகொண்டால் மட்டும் விலக்கு கிடையாது.

கேள்வி: கடைசிச் சிகரம் முடியும் நாளில் மனைவியும் இரண்டு குழந்தைகளும் எங்காவது வந்து சேர்ந்துகொள்ள முடியுமா?
– வாசகர், நாஷுவா

பதில்: பாண்ட்கிளிஃப்புக்கு அவர்களை வரச் சொல்வது நியாயமில்லை. ஆனால் லிங்கன் வுட்ஸிலிருந்து ஃபிராங்கோனியா ஓடைப் பாலம்வரை 2.9 மைல் சமதளம் என்று சொன்னேனே, அதைக் குழந்தைகளும் ஒன்றரை மணி நேரத்தில் நடந்துவிடுவார்கள். நீங்கள் காலை பத்து மணி அளவில் பாண்ட்கிளிஃப்பில் இருந்தால், மூன்று மணிக்குள் அந்தப் பாலத்துக்கு வந்துவிடலாம். பள்ளத்தாக்கில் கைபேசி இணைப்பை நம்ப முடியாது என்பதால் நேரத்தை வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: மூன்று மணிக்குப் பாலத்தில் சந்திப்பு, நாலரைவரை நீங்கள் வராவிட்டால் அவர்கள் காத்திருக்காமல் குழந்தைகளோடு வாகன நிறுத்தத்துக்குத் திரும்பிவிட வேண்டும், எட்டு மணிவரை செய்தி இல்லையென்றால் அவசர உதவி எண்ணான 911க்குத் தகவல் சொல்ல வேண்டும். உங்கள் மூன்று நாள் வழியையும் முகாம்களின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். உங்களுக்கு ஒரு மாற்று உடையும் உலர்ந்த காலுறையும் அவர்கள் காரில் இருக்கட்டும்.